முதல் சண்டையிலேயே மானாவைத் தீர்த்துவிட்டுத் தூங்கப் போகும் மந்திரவாதி: எந்த விதியைத் திருத்துவது?

நடுராத்திரி ஜிஎம்:
வணக்கம். நானே விதி எழுதி, ஜிஎம்மாக (கதையை நடத்துபவராக) இருந்து நண்பர்களோடு மேஜையில் ஆடும் கதாபாத்திர ஆட்டத்தில் மந்திரம் மட்டும் படிய மாட்டேன் என்கிறது. மந்திரவாதிக்கு 12 மானா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி), நெருப்பு உருண்டைக்கு 4. ஓர் இரவு தூங்கினால் மொத்தமும் திரும்பிவிடும். கோட்டையின் முதல் அறையிலேயே மூன்று உருண்டை, எதிரிகள் சாம்பல். அடுத்த கதவைத் தொடுவதற்குள் "இங்கேயே தாழ்ப்பாள் போட்டுப் படுத்துக்கலாம்" என்கிறார். வாள்வீரராக ஆடுபவர் போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்.

உருண்டையை 6 மானாவாக ஏற்றினேன். இரண்டோடு கை காலி, மந்திரவாதிக்குக் கொட்டாவி. தூங்கும்போது ஓநாய்களை ஏவினேன். வேண்டுமென்றே பழிவாங்குகிறேன் என்று எல்லோருக்கும் கோபம். என்ன செய்யலாம்?

ஆறுமுகப் பகடை:
இது பழைய வியாதி. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலேயே மந்திரத்தை மனப்பாடம் செய்து, சொன்னதும் மறந்து, மறுநாள் மறுபடி படிக்க வேண்டும். எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்த யோசனை அது. அதன் 2014 பதிப்பில் முதல் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) இரண்டே ஸ்லாட், அதாவது மந்திரம் போட இரண்டே வாய்ப்பு. கை காலியானாலும் சும்மா உட்காராமலிருக்க கேன்ட்ரிப் என்ற செலவில்லாத சின்ன மந்திரங்கள் உண்டு. லாங் ரெஸ்டின் (சக்தி திரும்பும் நீண்ட ஓய்வின்) பலன் 24 மணி நேரத்தில் ஒரு முறைதான்.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் வரும் என்ற நம்பிக்கையில் போட்டது. உங்கள் மேஜையில் இரண்டு தூக்கத்துக்கு நடுவே எத்தனை சண்டை வருகிறது?

நடுராத்திரி ஜிஎம்:
ஒன்று. மிஞ்சினால் இரண்டு. ஞாயிறு சாயங்காலம் மூன்று மணி நேரம்தான் கிடைக்கிறது.

ஆறுமுகப் பகடை:
அப்படியானால் உருண்டையின் விலையை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை, தூக்கம் இலவசமாக இருக்கிறதே. அதே 2014 பதிப்பின் ஜிஎம் புத்தகத்தில் லாங் ரெஸ்டை 7 நாளாக நீட்டும் மாற்று விதி ஒன்று உண்டு, பாருங்கள்.

நடுராத்திரி ஜிஎம்:
7 நாள் ஒத்துவராது. எங்கள் கதையில் இளவரசனுக்கு நாளைக் காலை தூக்கு.

சூனியக் கணக்கர்:
மானாவையே தூக்கிவிடுங்கள். மந்திரத்தின் விலையைத் தூங்கிச் சரிக்கட்ட முடியாத இடத்தில் வையுங்கள். 1989-ல் வந்த ஷேடோரன் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை என்ற வரம்பே இல்லை; ஒவ்வொரு மந்திரத்துக்கும் உடம்பு அடி வாங்கும். உங்கள் ஆட்டத்துக்கு இரண்டு ஆறுமுகப் பகடை போதும்.

10-ம் அதற்கு மேலும்: மந்திரம் சுத்தமாகப் பலிக்கும். 7 முதல் 9 வரை: பலிக்கும், ஆனால் இரண்டு விலையில் ஒன்றை ஆடுபவர் தேர்வு செய்வார். 6-ம் அதற்குக் கீழும்: பலிக்காது, ஜிஎம் ஒரு வினை வைப்பார்.

கூட்டல் எதுவும் இல்லாவிட்டால் 10 அல்லது அதற்கு மேல் விழ 16.7 சதவீதம்தான் வாய்ப்பு, தோல்வி 41.7. எந்த மந்திரவாதியும் அழுதுவிடுவார். +2 கொடுங்கள்: தோல்வி 16.7-க்கு இறங்கும், சுத்த வெற்றி 41.7-க்கு ஏறும், மீதி 41.7-ம் விலையோடு வரும் வெற்றி. ஆட்டம் சூடு பிடிப்பது அந்த மீதியில்தான்.

புளியமரத்து மோகினி:
கணக்கர் சொன்னது சரி. கூடவே ஒன்று: பாவமாக இருக்கிறதே என்று மானாவையும் வைத்துக்கொண்டு பகடையையும் சேர்க்காதீர்கள். மானா கொடுத்தும் மந்திரம் பிசகினால் ஒரே பொருளுக்கு இரண்டு பில் போட்ட மாதிரி எரிச்சல் வரும். அப்புறம், இரண்டு விலையையும் பகடை உருட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். ஓநாய் விஷயத்தில் கோபம் வந்தது ஓநாயால் அல்ல, சொல்லாமல் வந்ததால்.

நடுராத்திரி ஜிஎம்:
ஞாயிறு ஆடிப் பார்த்தோம். வைக்கோல் கொட்டகைக்குள் நான்கு காவலர்கள். "விலை இதுதான்: ஒன்று வைக்கோல் பற்றிக்கொள்ளும், இல்லை சத்தம் கோபுரம் வரை கேட்கும்" என்றேன். உருட்டினார், கூட்டி 8. வைக்கோலைத் தேர்வு செய்தார். காவலர்கள் காலி, கூரை எரிகிறது, உள்ளே கட்டிப்போட்டிருந்த கைதியை வாள்வீரர்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். போன் பைக்குள்ளேயே இருந்தது!

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. சண்டை முடிந்ததும் காயம் ஆறும் வரை குணமாக்கும் மந்திரத்தை மறுபடி மறுபடி உருட்டுகிறார்கள். அவசரமே இல்லாத நேரத்தில் என்ன விலை கேட்பது?

புளியமரத்து மோகினி:
ஒரு காயத்துக்கு ஒரே முயற்சி, பகடை என்ன காட்டினாலும் சரி. 7 முதல் 9 வந்தால் காயத்தில் பாதி குணமாக்கியவர் உடம்புக்கு மாறட்டும்; இரண்டாவது விலையாக, தழும்பும் வலியும் அடுத்த சண்டை வரை காயம்பட்டவரிடமே நிற்கட்டும். யார் சுமப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள்.