பத்து மைல் கணக்கும் மலைப்பாதையும்: மெக்டவல் கவுண்டியில் மளிகைக் கடை எவ்வளவு தூரம்?

கேள்வி: ஓடைக்கரை

வணக்கம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மெக்டவல் கவுண்டிக்கு (மாவட்டம் போன்றது), மளிகைச் சாமான் எட்டும் வசதி பற்றி ஓர் அறிக்கை தயாராகிறது. நிலக்கரிச் சுரங்கம் கொழித்த 1950-இல் அங்கே ஏறத்தாழ 98,900 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர்தான். 2005-இல் கிம்பல் ஊரில் திறந்த வால்மார்ட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது.

மளிகைக் கடை எட்டாத இடங்களைக் காட்டும் அமெரிக்க வேளாண் துறையின் இணைய வரைபடமான அட்லஸைத் திறந்தால் கிராமப்புறத்துக்கு 10 மைல் என்ற ஒரே அளவுகோல். மலை மடிப்புகளில் வசிப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று படுகிறது. இதைவிடச் சரியாக அளக்க வழி என்ன? அளந்த பிறகு எதற்குப் பணம் கேட்பது: புதுக் கடைக்கா, நடமாடும் வண்டிக்கா, இருக்கிற சிறு கடைகளுக்கா?

பதில் 1: தராசுமுள்

முதலில் அட்லஸ் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வறுமை விகிதம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் ட்ராக்ட் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு வட்டாரம்), அல்லது குடும்பங்களின் இடைநிலை வருமானம் மாநில அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாத ட்ராக்ட், 'குறைந்த வருமானம்'. அதில் குறைந்தது 500 பேரோ 33 சதவீதத்தினரோ கடையிலிருந்து கிராமத்தில் 10 மைலுக்கு, நகரத்தில் 1 மைலுக்கு அப்பால் இருந்தால் 'எட்டாத இடம்'. அரை கிலோமீட்டர் கட்டங்களாக மக்கள்தொகையைப் பிரித்து, கட்டத்திலிருந்து கடைக்கு நேர்கோடு போடுகிறார்கள். கோளாறு அந்த நேர்கோட்டில்தான். மெக்டவலில் சாலைகள் ஓடைகளை ஒட்டியே போகின்றன. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள கடைக்கு மலையையே சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடைப் பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆண்டு விற்பனை 20 லட்சம் டாலரைத் தொடும் பெரிய மளிகைக் கடை, சூப்பர்மார்க்கெட், சூப்பர்சென்டர் மட்டுமே அதில் சேரும். 2019 பதிப்பை வைத்து வேலை செய்தால் அதற்குப் பிறகு மூடிய கடை இன்னும் திறந்திருப்பதாகவே காட்டும். ஸ்நாப் (ஏழைகளுக்கான அரசு உணவு உதவி) அட்டை ஏற்கும் கடைகளின் பட்டியலை வேளாண் துறைத் தளத்திலிருந்து இறக்கி, ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, காய்கறியும் பச்சை இறைச்சியும் விற்கிறதா என்று கேட்டுக் கையால் வகை பிரியுங்கள். கவுண்டி எல்லையில் வெட்டிவிடாதீர்கள். பக்கத்து மெர்சர், வயோமிங், மிங்கோ கவுண்டிகளையும், வர்ஜீனியா பக்கம் டேஸ்வெல், புக்கனனையும் சேர்த்தே இறக்குங்கள். பை நிரப்பப் போகிறவருக்கு மாநில எல்லை ஒரு பொருட்டல்ல.

பிறகு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் சாலைகளை வைத்து, அதன் ஓஆர்எஸ் டூல்ஸ் செருகுநிரலில் ஒவ்வொரு கடையைச் சுற்றியும் 15, 30, 45 நிமிடப் பயண எல்லைகளை வரையுங்கள். மலைச்சாலைகள் பலவற்றுக்கு வேக வரம்பு பதிவாகியிருக்காது. மென்பொருள் தானாக ஒரு வேகத்தை வைத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். பத்துப் பாதைகளையாவது நேரில் ஓட்டிப் பார்த்து, கிடைத்த விகிதத்தால் நிமிடங்களைத் திருத்துங்கள்.

மக்கள்தொகைக்கு 2020-இன் சென்சஸ் பிளாக்கை (கணக்கெடுப்பின் மிகச் சிறிய பகுதி) நேரடியாக எடுக்காதீர்கள். தனியுரிமைக்காக அந்த எண்களில் வேண்டுமென்றே சிறு பிழை கலந்திருக்கிறார்கள். பல பிளாக்குகள் சேர்ந்த பிளாக் குரூப் அளவுக்குக் கூட்டினால் பிழை பெரும்பாலும் அடங்கிவிடும். சொந்த வண்டி இல்லாத வீடுகள், சென்சஸ் துறையின் மாதிரிக் கணக்கெடுப்பான ஏசிஎஸ்ஸின் அட்டவணை பி25044-இல் கிடைக்கும். ஆனால் '40 வீடு, 35 கூடலாம் அல்லது குறையலாம்' என்று வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. பக்கத்து ட்ராக்டுகளோடு சேர்த்து, பிழை வரம்பையும் அறிக்கையில் போடுங்கள். அட்லஸிலேயே வண்டியை வைத்து இன்னொரு அளவுகோல் இருக்கிறது: கடையிலிருந்து அரை மைலுக்கு அப்பால் வண்டியில்லாத வீடுகள் 100. உங்கள் கவுண்டிக்கு 10 மைலைவிட இது எவ்வளவோ நேர்மையான அளவு.

பதில் 2: கல்லாப்பெட்டி

கடைக்குப் பணம் கேட்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் எண்களை மாற்றிக்கொள்ளலாம். 30 நிமிட எல்லைக்குள் 1,500 பேர், வீட்டுச் சமையலுக்கு ஆளுக்கு வாரம் 70 டாலர் என்றால் மொத்தச் சந்தை 1,05,000. அதில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் கடைக்கு வந்தால் 21,000. சரக்கு வாங்கிய விலை போக நிற்கும் மொத்த லாபம் 25 சதவீதம், அதாவது 5,250. வாரம் 70 மணி நேரம் திறந்து, எப்போதும் இரண்டு பேர் வேலையில் இருந்தால், மணிக்கு 13 டாலர் வீதம் சம்பளமும் வரியுமாக 2,000 போகும். மின்சாரத்துக்கு, மளிகைக் கடையில் சதுர அடிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 சதுர அடிக்கு 2,50,000 யூனிட். யூனிட் 12 சென்ட் என்றால் வாரம் 580 டாலர். மீதி 2,670-இல் வாடகை, காப்பீடு, கடன், அழுகல், அட்டைக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும்.

அந்த ஐந்தில் ஒரு பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் மொத்த லாபம் 2,625. சம்பளமும் மின்சாரமும் 2,580. மிச்சம் 45 டாலர். இப்படித்தான் கடைகள் சாகின்றன. ஊர் முழுக்க "கடை வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மாதச் சாமானைத் தூரத்து பெரிய கடையிலேயே வாங்கினால் கடை மூடும். கையெழுத்து கேட்பதற்குப் பதிலாக, "வாரத்தில் எந்தச் சாமானை இங்கே வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள்.

ஃபுளோரிடாவின் பால்ட்வின் ஊரில் தனியார் கடை 2018-இல் மூடியதும் ஊராட்சியே 2019-இல் கடை நடத்தியது. வரவும் செலவும் கட்டுப்படியாகாமல் 2024-இல் அதுவும் மூடியது. கான்சஸின் செயின்ட் பால் ஊரில் நகர நிர்வாகம் நடத்தும் கடை நீடித்திருக்கிறது. ஊர் உடைமை என்பது லாபம் எடுக்க வேண்டிய கட்டாயத்தைத்தான் நீக்கும். மொத்த வியாபாரி போடும் விலையை அது இறக்காது.

மொத்த வியாபாரி வாரத்துக்கு ஒரு குறைந்தபட்ச ஆர்டர் கேட்பார். அதை எட்டாவிட்டால் லாரி வராது, அல்லது தனிக் கட்டணம். பக்கத்து ஊர் பெரிய கடையின் ஆர்டரோடு சேர்த்து இறக்கலாம், ஆனால் சில ஒப்பந்தங்கள் மறுவிற்பனையைத் தடுக்கும். எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடங்க வேண்டாம்.

காலிக் கட்டடத்தை எடுப்பதானால் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பத்திரத்தைப் பாருங்கள். போகிற சங்கிலிக் கடை, "இங்கே இத்தனை ஆண்டு வேறு மளிகைக் கடை கூடாது" என்று நிபந்தனை எழுதிவிட்டுப் போவது உண்டு. அப்படி ஒரு வரி இருந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

பதில் 3: குளிர்ப்பெட்டி

இருக்கிற சிறு கடையை மேம்படுத்துவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. செலவு குறைவு, தோற்றாலும் கடை மிஞ்சும்.

ஸ்நாப் அனுமதிக்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்த விதி: காய்கனி, இறைச்சி-மீன், பால் பொருள், ரொட்டி-தானியம் ஆகிய நான்கு பிரிவிலும் மும்மூன்று வகை, ஒவ்வொரு வகையிலும் மூன்று உருப்படி. ஆக 36. இரண்டு பிரிவுகளிலாவது கெட்டுப்போகும் பொருள் இருக்க வேண்டும். வகைகளை ஏழாக உயர்த்தச் சொன்னது 2014 வேளாண் சட்டம். நாடாளுமன்றம் அதை நெடுநாள் நிறுத்திவைத்தது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியைச் சரிபாருங்கள். முக்கியமான ஒன்று: கடை கைமாறினால் பழைய அனுமதி செல்லாது. புது விண்ணப்பத்துக்கு 45 நாள் வரை ஆகும். அத்தனை நாள் அட்டை விற்பனை இல்லாமல் கடை தாங்குமா என்று, கைமாற்றத் தேதி குறிப்பதற்கு முன்பே பாருங்கள்.

குளிர்ப்பெட்டி மானியத்தில் வந்துவிடும். காய் அழுகுவதுதான் பிரச்சினை. லெட்யூஸ் (சாலட் கீரை) பெட்டி ஒன்றில் 24 தலை. வாரம் எட்டு விற்கும் கடையில் மீதி குப்பைக்குப் போகும். கடைக்காரர் இரண்டாம் மாதம் குளிர்ப்பெட்டியில் சோடாவை அடுக்கிவிடுவார். முட்டைக்கோஸ், கேரட், ஆப்பிள், உருளை, வெங்காயத்தில் தொடங்குங்கள். கதவுள்ள பெட்டியே வாங்குங்கள்; திறந்த பெட்டி மின்சாரத்தைக் குடிக்கும், காயையும் வாட்டும். தக்காளி, வாழைப்பழம், உருளை, வெங்காயம் குளிரில் போகக் கூடாது. பெட்டியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் சுருளை மாதம் ஒருமுறை தூசி தட்ட யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நடமாடும் வண்டி என்றால் சிக்னல் பெரிய தலைவலி. ஸ்நாப் அட்டை இயந்திரத்துக்கு இணைப்பு வேண்டும், பள்ளத்தாக்கில் கிடைக்காது. காகித ரசீது முறைக்கும் போனில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்கூட்டியே சிக்னல் சோதித்து, வைஃபை உள்ள தேவாலயம், பள்ளி, தீயணைப்பு நிலைய வாசலைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் ஸ்நாப் தொகை மாதத்தின் முதல் 9 நாளுக்குள் ஏறிவிடும். அந்த வாரத்தில் சரக்கை ஏற்றி, கடைசி வாரத்தில் குறையுங்கள். நாளையும் மணியையும் மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். இரண்டு முறை வராத வண்டிக்காக மூன்றாம் முறை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஓடைக்கரை

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். கடை அருகில் வந்தாலே உணவுப் பழக்கம் மாறிவிடும் என்று எழுதலாமா?

பதில் 4: தராசுமுள்

எழுத வேண்டாம். 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய பொருளாதார ஆய்வு நாடு முழுதும் வீட்டுக் கொள்முதலைப் பார்த்தது. ஏழைக் குடும்பங்களுக்கு வசதியானவர்களுக்குக் கிடைக்கும் அதே பொருளையும் விலையையும் கொடுத்தாலும், சத்து ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்பது அதன் முடிவு. அறிக்கையில் இதை மறைத்தால், நிதி தருபவர் அதை எடுத்துக்காட்டி உங்களை மடக்கிவிடுவார்.

நீங்கள் எழுத வேண்டியது வேறு: போக வர எத்தனை நிமிடம், எத்தனை டாலர் பெட்ரோல், வண்டி இல்லாதவர் அயலாருக்குக் கொடுக்கும் கூலி எவ்வளவு. இவை கடையோ நடமாடும் வண்டியோ நேரடியாகக் குறைக்கக்கூடிய சுமைகள். முன்பும் பின்பும் அளந்து காட்டலாம்.

முன்னுரைக்கு ஒரு செய்தி. 1961 மே 29-இல் இன்றைய ஸ்நாப்பின் முன்னோடியான ஃபுட் ஸ்டாம்ப் சோதனைத் திட்டம் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் அதைப் பெற்றது இதே மெக்டவலின் பெயின்ஸ்வில் ஊர்க் குடும்பம். 15 பேருக்கு 95 டாலர் ஸ்டாம்ப். அதை அவர்கள் செலவழித்தது ஒரு சூப்பர்மார்க்கெட்டில். இன்று பெயின்ஸ்வில்லிலிருந்து புதிய காய்கறி விற்கும் கடைக்கு எத்தனை நிமிடம் என்பதை உங்கள் வரைபடத்தில் முதல் புள்ளியாக வையுங்கள்.