திவோலிக்கு ஒரே நாள்: ஹாட்ரியன் மாளிகையா, வில்லா தெஸ்தேவா, எதை முதலில் பார்ப்பது?

கானாடுகாத்தான்_வளவு:
அக்டோபர் கடைசியில் ரோமில் 4 நாள் இருக்கப்போகிறோம். அதில் ஒரு நாள் பக்கத்து ஊரான திவோலிக்கு. அப்பச்சிக்கு 71 வயது, நன்றாக நடப்பார். பழைய சாந்து வேலை, கல் வேலை என்றால் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார். ஆத்தாவுக்கு மூட்டு வலி. இறங்கிவிடுவார், திரும்ப ஏறுவதுதான் சிரமம். ஹாட்ரியன் மாளிகை, வில்லா தெஸ்தே, வில்லா கிரிகோரியானா மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா? பஸ்ஸா ரயிலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை_ரஸ்தா:
மூன்றும் வேண்டாம். ஆத்தாவை வைத்துக்கொண்டு இரண்டே போதும். கிரிகோரியானா என்பது பள்ளத்தாக்குக்குள் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறுகிற காட்டுப் பாதை. மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. ஊரில் இருக்கிற கிரிகோரியானோ பாலத்தில் நின்றாலே பள்ளத்தையும் விளிம்பில் இருக்கும் வட்டக் கோயிலையும் பார்த்துவிடலாம். அதற்கு டிக்கெட் கிடையாது.

முதலில் கிழமையைப் பாருங்கள். வில்லா தெஸ்தே திங்கள் காலையில் பூட்டியிருக்கும், மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். திங்களைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று இத்தாலியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை 5 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஹாட்ரியன் மாளிகையை மூடும் நேரம் வெளிச்சத்தை ஒட்டியே மாறும். டிக்கெட் கொடுப்பதை அதற்கும் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையில் ஹாட்ரியன், மதியம் தெஸ்தே. மாற்றிப் போட்டால் இடிபாடுகளுக்குள் பாதி தூரத்தில் காவலாளி விசில் ஊதுவார்.

போகிற வழி: மெட்ரோ பி லைனில் போந்தே மம்மோலோ. இந்த லைன் பொலோன்யா நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ரெபிபியா என்று போட்ட வண்டியில்தான் ஏறவேண்டும்; யோனியோ வண்டியில் ஏறினால் வேறு திசைக்குப் போய்விடும். போந்தே மம்மோலோவில் கொத்ரால் என்கிற வெளியூர் பஸ். திபூர்தீனா சாலை வழியாகப் போகிற பஸ் ஹாட்ரியன் மாளிகை வாசலுக்குப் போகாது. மெயின் ரோட்டில் இறக்கிவிடும், அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. பலரும் சறுக்குவது இங்கேதான். ஆத்தாவுக்கு அந்த நடையிலேயே பாதி தெம்பு போய்விடும், உள்ளேயும் நிறைய நடக்கவேண்டும். அதைவிட ரோமா திபூர்தீனா நிலையத்திலிருந்து ரயிலில் நேரே திவோலி போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்து மாளிகை வாசலில் இறங்குங்கள், 6 கிலோமீட்டர்போலத்தான். டாக்ஸி கிடைக்காவிட்டால் ஊருக்குள்ளிருந்து 4, 4எக்ஸ் டவுன் பஸ் வாசல் பக்கம் போகும்.

காகித ரயில் டிக்கெட் என்றால் ஏறுமுன் நிலையத்திலிருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை அடிக்கவேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம். முதல்நாள் ராத்திரி "ஷோப்பெரோ" ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்தம் என்று அர்த்தம். அங்கே அது அடிக்கடி வரும்.

சுண்ணாம்புக்_காளவாசல்:
அப்பச்சிக்காக ஹாட்ரியன் மாளிகையைப் பற்றிச் சொல்கிறேன். கி.பி. 118 வாக்கில் தொடங்கி, ரோமப் பேரரசர் ஹாட்ரியன் 138இல் இறக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்த இடம். மொத்தம் ஏறத்தாழ 120 ஹெக்டேர். பார்வைக்கு விட்டிருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதையே முழுதும் பார்க்க அரை நாள் ஆகும். உள்ளே நுழைந்ததும் பெச்சிலே என்கிற 9 மீட்டர் உயரச் சுவர் வரும். கிழக்கு மேற்காக ஓடும் இந்தச் சுவரின் இரண்டு பக்கமும் தூண் வைத்த நடை இருந்தது. குளிர்காலத்தில் வெயில் பக்கம், கோடையில் நிழல் பக்கம் உலாவுவார்கள். நம் ஊரில் வீதி பார்த்து வாசல் வைத்த கணக்குப் புரிந்தவர்களுக்கு இதன் ருசி தெரியும்.

சுவரைக் கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வைர வடிவில் வலை பின்னினாற்போல் கற்கள் தெரியும். ஒவ்வொன்றும் கூம்பு மாதிரி வெட்டிய எரிமலைக் கல். அகலமான அடிப்பக்கம் வெளியே, கூர்மை உள்ளே. உள்ளுக்குள் சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் ஜல்லியும் சேர்ந்த கலவை. ஆனால் அன்று இந்தக் கல் யார் கண்ணிலும் படவில்லை, மேலே சாந்தோ பளிங்குப் பலகையோ போர்த்தியிருந்தது. பலகையைப் பிடித்த இரும்பு ஆணிகளின் துளைகள் சில சுவர்களில் இன்னும் இருக்கின்றன.

பளிங்கெல்லாம் எங்கே என்று அப்பச்சி கட்டாயம் கேட்பார். ஒரு பகுதி மேலே இருக்கிற வில்லா தெஸ்தேவுக்குப் போனது. அந்தத் தோட்டத்தை வடிவமைத்த பிர்ரோ லிகோரியோவே இங்கே தோண்டி எடுத்தவர். கொஞ்சம் காளவாசலில் வெந்து சுண்ணாம்பாகிவிட்டது. நம்மவர்கள் செட்டிநாட்டு வீடுகளுக்கு இத்தாலியிலிருந்து கப்பலில் வரவழைத்துப் பளிங்கு பதித்தார்கள்; அங்கே ஊரிலேயே கிடந்ததைச் சுட்டார்கள். நல்ல சிற்பங்கள், புறா மொசைக் எல்லாம் ரோமில் கபிதோலினி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கனோப்பஸ் குளக்கரையில் நிற்கும் பெண் சிலைகள் அச்சு எடுத்த நகல்கள்.

ஆஸ்பிதாலியா என்ற இடத்தைத் தவறவிடாதீர்கள். சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றின் தரையிலும் வேறுவேறு கறுப்பு வெள்ளைக் கோலம். ஆத்தங்குடித் தரை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு மாளிகை முழுவதிலும் இதுதான் விருந்து என்பேன். வேலைக்காரர்களும் வண்டிகளும் போக நிலத்தடியில் தனி வழியே வெட்டியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பின்கட்டும் பின்தெரு வாசலும் செய்கிற அதே வேலை, தரைக்கடியில்.

ஆத்தாவுக்கு ஒரு யோசனை: பெச்சிலே, தீவு வீடு இருக்கும் வட்டக் குளம், ஆஸ்பிதாலியா, அப்புறம் கனோப்பஸ். அதோடு நிறுத்தலாம். ஆலிவ் மர நிழல் அங்கங்கே உண்டு, ஆனால் தரை சரளைக்கல். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

ஊருணிக்கரை:
வில்லா தெஸ்தே பற்றி. கர்தினால் இப்போலித்தோ தெஸ்தே 1550இல் திவோலிக்கு ஆளுநராக வந்த பிறகு எழுப்பிய தோட்டம். அத்தனை நீரூற்றும் பம்பு இல்லாமல் ஓடுகின்றன. அனியேனே ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு அடியில் சுரங்கம் வெட்டிக் கொண்டுவந்து, சரிவில் மேலிருந்து கீழே தட்டுத் தட்டாக விட்டிருக்கிறார்கள். கண்மாய், வரத்துக்கால், ஊருணி என்று மட்டம் பார்த்து நீர் விடும் வேலைதான். இங்கே சரிவு அதிகம் என்பதால் நீர் துள்ளுகிறது.

ஆர்கன் நீரூற்று என்பது தண்ணீர் விசையிலேயே குழல் இசைக்கருவி தானாக வாசிக்கும் இடம். அதை நேரம் பார்த்துப் பிடிக்கவேண்டும். காலை 10:30க்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாசிக்கும், மதியம் போகிறவர்களுக்கு 2:30. விழுகிற தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு மூடிய அறைக்குள் போகும். அங்கே பிரிந்து அழுத்தமாகும் காற்று குழல்களுக்கு. வெளியேறும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் திருப்பும் உருளையில் இருக்கிற முளைகள் எந்தக் குழல் ஊத வேண்டும் என்று தீர்மானிக்கும். 2003இல் பழுது பார்த்து மறுபடி ஊதவைத்தார்கள். பத்து நிமிஷம் முன்னால் போய் நில்லுங்கள்.

நுழைவது மேலே, தோட்டம் கீழே. ஆத்தா நூறு நீரூற்று வரிசை வரைக்கும் இறங்கினால் போதும். அந்த நடை சமதளம். ஒரு கோடியில் ஓவல் நீரூற்று, மறுகோடியில் ரோமெத்தா என்கிற நீரூற்று. ஆர்கன் அதற்கும் கீழ்த்தட்டில் இருக்கிறது, அப்பச்சி மட்டும் போய்வரட்டும். மீன் குளங்கள் இன்னும் கீழே. அங்கே இறங்கிவிட்டு மேலே பார்த்தால்தான் ஏற்றம் எவ்வளவு என்று தெரியும். அந்த நீர் ஆற்று நீர், குடிக்கக்கூடாது.

கானாடுகாத்தான்_வளவு:
மிக்க நன்றி அண்ணே, எல்லோருக்கும். டிக்கெட் தனித்தனியா, சேர்த்தா? மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி? அன்றைக்கு ஆத்தாவுக்குச் சைவம்.

தேவகோட்டை_ரஸ்தா:
ஹாட்ரியன் மாளிகைக்கும் தெஸ்தேவுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. கிரிகோரியானா வேறு அமைப்பின் கையில் இருப்பதால் அதில் சேராது. சாப்பாட்டுக்கு, ஊருக்குள் எடை போட்டு வெட்டித் தரும் பீட்சாக் கடை போதும். "சென்சா கார்னே" என்று கேட்டால் கறி இருக்காது, ஆனால் நெத்திலி இருக்கலாம். "சென்சா அச்சூகே" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹாட்ரியன் மாளிகையிலிருந்து மேலே வரும் பஸ்ஸுக்கான டிக்கெட்டைக் காலையிலேயே நிலையத்துப் பக்கம் புகையிலைக் கடையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.