ரங்கூன் கல்படியில் பழைய சர்வே குறி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளைக்காரன் காலத்து மட்டக்குறி, அதாவது ஓர் இடத்தின் உயரத்தை அளந்து கல்லில் கொத்திய அடையாளம், பர்மாவில் பழைய கட்டடங்களில் எங்கே இருக்கும் என்று மோல்மேன் ஊர்த் தம்பி கேட்டிருந்தார். நான் பார்த்த வரை சொல்கிறேன்.

இங்கிலாந்துப் படங்களில் அது சுவரில் இருக்கும்: ஒரு படுக்கைக் கோடு, கீழே அம்பு. நம் ஊரில் காலடியைப் பாருங்கள். 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்ததால் இங்கே மட்டம் பார்த்ததும் இந்திய சர்வே துறைதான். படிக்கல், அடிமேடை, பாலத்து ஓரக்கல் என்று தட்டையான இடமாகப் பார்த்து, மேலே ஜி.டி.எஸ். (கிரேட் ட்ரிக்னாமெட்ரிகல் சர்வே), கீழே பி.எம். (பெஞ்ச் மார்க், மட்டக்குறிதான்), நடுவில் சின்னச் சதுரம் கொத்துவார்கள். அளவுகோல் நிற்பது அந்தச் சதுரத்தில்தான். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொடங்கிய அளவைப் பணியின் பெயர்தான் அந்த ஜி.டி.எஸ்.

நான் பார்த்தது ஒரு பழைய தேவாலயத்தின் பக்கவாசல் படியில். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. தோட்டக்காரப் பெரியவர் செடிக்கு ஊற்றிய தண்ணீர் படியில் வழிந்ததும் எழுத்து கறுத்து எழுந்தது. டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்து அடித்தேன். முதல் எழுத்து பாதி தேய்ந்திருந்தது. சதுரம் சுவரோரம் இருந்ததால் செருப்பு படவில்லை போல. நாலு மூலையும் உளி வைத்த கூர்மையோடு, நகம் இறங்கும் ஆழத்தில் அப்படியே இருந்தது. பெரியவரும் குனிந்து தடவிப் பார்த்தார்.

கனத்த கட்டடமாகத் தேடுங்கள். 1852-க்குப் பிறகு பிரேசர் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் சூலே பயாவை (புத்தர் கோயில்) நடுவாக வைத்து ரங்கூன் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது ஆற்றோரம் நிறைய இடம் சதுப்பு. மண் கொட்டித் தூர்த்த நிலத்தில் தனிக்கல் நட்டால் அமுங்கிவிடும்.

வேறொரு கட்டடத்தில் படி முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். அதுதான் மனசுக்கு ஆறவில்லை. நிலநடுக்கம் கிளப்பும் சகாயிங் நிலப்பிளவு ரங்கூனுக்கு வடகிழக்கே உள்ள பெகு ஊர்ப் பக்கமாகத்தான் போகிறது. 1930 நிலநடுக்கத்தில் பெகுவின் ஷ்வேமோடோ பயா சரிந்தது, 2025 மார்ச் நிலநடுக்கத்தில் மண்டலே பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நிலம் ஏறியதா இறங்கியதா என்று பழைய கணக்கோடு ஒத்துப் பார்க்க இந்தக் கல் வேண்டும்.

மோல்மேனிலிருந்து:
அண்ணே, ரொம்ப நன்றி. எங்கள் பக்கம் ஒரு பழைய பாலத்தின் ஓரக்கல்லில் பி.எம். மட்டும் தெரிகிறது. மீன்காரம்மா தினமும் கூடை இறக்கும் இடம், நகர்த்தச் சொல்லித்தான் பார்த்தேன். மேல் பாதி சிமெண்டுக்குள். சுரண்டலாமா?

ரங்கூனிலிருந்து:
வேண்டவே வேண்டாம் தம்பி, உளி பட்டால் மட்டம் போச்சு. பாலம் முழுக்கத் தெரியும்படி ஒரு படம், கிட்டத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். அப்புறம் துறைமுகப் பக்கமும் போய்ப் பாருங்கள், உயரக் கணக்கு கடல் மட்டத்தை வைத்துத்தானே. 1880-களில் ரங்கூன், மோல்மேன், அம்ஹர்ஸ்ட் மூன்று ஊரிலும் கடல் ஏற்ற இறக்கத்தைக் கருவி வைத்து அளந்தார்கள்.