பிரஸ் சீல் மாற்றுவதை எளிதாக்க வழி உண்டா?

கேள்வி (புதுச்சேரி, மேட்டுப்பாளையம்):
எங்கள் பட்டறையில் உள்ள 100 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ராம் (அழுத்தும் தண்டு) சீல், அதாவது அதைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம், கசியும்போதெல்லாம் சிலிண்டரையே கழற்றி இறக்க வேண்டியிருப்பதால் ஒரு முழு நாள் வீணாகிறது. போன வாரம் போட்ட புதிய சீல் மறுநாளே சொட்டத் தொடங்கியது; கழற்றிப் பார்த்தபோது அதன் உதட்டில் (எண்ணெயைத் தடுக்கும் மெல்லிய விளிம்பில்) நகக்கீறல் போல ஒரு வெட்டு இருந்தது.

பதில் 1:
அந்த வெட்டு மாட்டும்போது விழுந்ததாகவே இருக்க வேண்டும். சீல் நுழையும் விளிம்பில் 15 முதல் 20 டிகிரி சரிவை லேத்தில் போட்டு, பிசிறு நீக்கி மெருகேற்றுங்கள். சீலை வெதுவெதுப்பான ஹைட்ராலிக் எண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம். முனை மழுங்கிய பித்தளைக் கம்பி போதும். உதடு அழுத்தம் வரும் பக்கத்தை நோக்கி இருக்கட்டும்.

பதில் 2 (கடலூர், சிப்காட்):
சிலிண்டரை இறக்காமலே வேலை முடிய வேண்டுமானால், கிளாண்டை (சிலிண்டர் வாயில் சீலைப் பிடித்து நிறுத்தும் மூடியை) வெளியிலிருந்து போல்ட் போடும் தட்டாக மாற்றி, அதில் இரண்டு திரேடு துளைகள் போட்டு வையுங்கள். அவற்றில் போல்ட்டை முறுக்கினால் இறுகிய கிளாண்ட் தானாக மேலெழும்பி வரும். உள்ளே வெட்டிப் போடும் வி பேக்கிங் (V வடிவ சீல் வளையங்களின் அடுக்கு) வைத்தால் ராமையும் உருவ வேண்டாம். மூன்று வளையங்களின் இணைப்புகளை 120 டிகிரி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அது சற்றுக் கசியும், அவ்வப்போது இறுக்கவும் வேண்டும் என்றாலும் என் கணக்கில் லாபம்தான். உப்புக்காற்றில் ராம் மீது துருக்குழி விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது.

கேட்டவர்:
ராமில் ஒரு சிறு துருக்குழி இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்கிறேன்.