ஆரி வீடியோவில் ஊசி மட்டும் காணாமப் போகுது (ஐ3 4130, லினக்ஸ் மின்ட் 22)

ஊசிநூல்:

வணக்கம். போன்ல தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், இங்கிலீஷ் பேரெல்லாம் தமிழ்லயே இருக்கும், பொறுத்துக்கங்க.

திண்டுக்கல் பக்கம் சின்னதா தையல் கடை வச்சிருக்கேன். ஆரி வேலை (கொக்கி ஊசியால துணியில போடுற எம்பிராய்டரி) இப்பதான் கத்துக்கிறேன், டீச்சர் யூடியூப்தான். கடையில ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் கிடக்கு: இன்டெல் ஐ3 4130, 8 ஜிபி ராம், தனியா கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. தம்பி விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டமான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துட்டு ஓசூர் வேலைக்குப் போயிட்டான்.

வீடியோ குவாலிட்டியை 1080-ல வச்சாத்தான் நூல் தெரியும். ஊசி துணிக்குள்ள இறங்குறது வரைக்கும் நல்லா ஓடும். அடியில இடது கை நூலைக் கொக்கில மாட்டி, ஊசியை லேசாத் திருப்பி மேல இழுக்குற இடம் ஒண்ணு இருக்கு, எனக்கு வேண்டியதே அதுதான். கரெக்டா அங்க படம் நின்னு சத்தம் மட்டும் போகும். திரும்பப் படம் வரும்போது ரெண்டு மூணு செயின் போட்டு முடிச்சிருப்பாங்க. 480-ல வச்சா நிக்காம ஓடுது, ஆனா பட்டு நூலும் ஜரிகையும் ஒண்ணாத் தெரியுது.

டெர்மினல்ல டாப்-னு ஒரு கமாண்ட் (எது பிராசசரை எவ்வளவு தின்னுதுன்னு காட்டும்) போட்டு ஃபயர்பாக்ஸ் வரியெல்லாம் கூட்டினா 340% வருது. நூத்துக்கு மேல எப்படிப் போகும்? ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் (வீடியோ வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதிக்கு விடுறதாம்) ஆன் பண்ணிட்டேன்னு தம்பி சொன்னான். கம்ப்யூட்டர் வாங்கின கடையில கேட்டா ஜிடி 710 கார்டு போடுங்க, எல்லாம் சரியாயிடும்ங்கிறாங்க. வாங்கலாமா?

கரண்ட்கம்பி:

4-ஆம் தலைமுறை ஐ3-ல இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாதுங்க. கார்டு ஒண்ணு போட்டுட்டு வேலையைப் பாருங்க.

பழையஇரும்பு:

அக்கா, கார்டு வாங்காதீங்க. கரண்ட்கம்பி அண்ணன் கோவிச்சுக்க வேண்டாம், ஜிடி 710-ல இருக்கிறது கெப்ளர்ங்கிற பழைய சிப். யூடியூப் வீடியோவை ஹெச்.264, விபி9, ஏவி1-னு வேற வேற விதமாச் சுருக்கி அனுப்பும், அந்த விதத்துக்குப் பேருதான் கோடெக். ஹெச்.264 படத்தை அந்த சிப் பிரிக்கும், மத்த ரெண்டும் தெரியாது. உங்க ஐ3-க்குள்ளயே இருக்கிற ஹெச்டி 4400 கிராஃபிக்ஸ் பகுதிக்கும் அதே கதைதான். காசு கொடுத்து அதே ஊனத்தை இன்னொரு தடவை வாங்குற மாதிரி.

முதல்ல 340%. உங்க பிராசசர்ல 2 கோர், 4 த்ரெட், அதாவது ஒரே நேரத்துல நாலு வேலை ஓடும். டாப் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 100 வச்சுக் கணக்குப் போடும், மொத்தம் 400. அதுல 340 போகுதுன்னா படத்தைப் பிரிக்கிற வேலை முழுக்க பிராசசர் தலையில விழுந்திருக்கு, கிராஃபிக்ஸ் பகுதி சும்மா உக்காந்திருக்கு.

ஒண்ணு பண்ணுங்க. அந்த வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறங்க. கோடெக்ஸ் வரியில முதல்ல என்ன இருக்கு, பக்கத்துல ட்ராப்ட் ஃப்ரேம்ஸ் (காட்டாம விட்ட படங்கள்) எத்தனைன்னு பாருங்க. அப்புறம் கிராஃபிக்ஸ் பகுதிக்கு எந்தெந்த கோடெக் தெரியும்னு காட்ட விஏஇன்ஃபோ-ன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதை இன்ஸ்டால் பண்ணி டெர்மினல்ல ஓட்டி, என்ன வருதுன்னு சொல்லுங்க.

ஊசிநூல்:

கோடெக்ஸ்ல ஏவி01-ன்னு ஆரம்பிக்குது. ஒரு நிமிஷத்துல 900 ஃப்ரேமுக்கு மேல விட்டிருக்கு! விஏஇன்ஃபோ போட்டா "ஐஹெச்டி"ன்னு ஒரு டிரைவர் பேரைச் சொல்லிட்டு கடைசியில ஃபெயில்ட்-ன்னு முடியுது. தம்பிக்குப் போன் போட்டேன். ஏதோ ஒரு பிளாக்ல பார்த்து என்விரான்மென்ட் ஃபைல்ல ஒரு வரி சேர்த்தானாம்.

பழையஇரும்பு:

அந்த வரிதான் வினை. இன்டெலுக்கு விஏ-ஏபிஐ (லினக்ஸ்ல வீடியோ வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதிக்கு விடுற வழி) டிரைவர் ரெண்டு உண்டு. பழைய சிப்புக்கு ஐ965. 5-ஆம் தலைமுறை பிராட்வெல்லில இருந்து புதுசுக்கு ஐஹெச்டி. உங்களது அதுக்கு ஒரு படி முந்தின ஹாஸ்வெல், 2013-ல வந்தது. ஐஹெச்டி அதைத் தொடவே தொடாது. சும்மா விட்டிருந்தா முதல்ல ஐஹெச்டியைத் தட்டிப் பார்த்துட்டு தானாவே ஐ965-க்குப் போயிருக்கும். ஐஹெச்டியை மட்டும்தான் எடுக்கணும்னு வரி சேர்த்து தம்பி கதவை வெளியில பூட்டிட்டார்.

எட்சி ஃபோல்டர்ல என்விரான்மென்ட் ஃபைலைத் திறந்து, லிப்விஏ டிரைவர் நேம்-னு வர்ற அந்த வரியை மட்டும் அழிச்சுட்டு லாக் அவுட் பண்ணி வாங்க. ஐ965 டிரைவர் இல்லைன்னா சாஃப்ட்வேர் மேனேஜர்ல "ஐ965"ன்னு தேடினா கிடைக்கும். இப்ப விஏஇன்ஃபோ நீளமா ஒரு பட்டியல் கொடுக்கும். ஹெச்264 பேருக்கு எதிர்ல விஎல்டி-ன்னு இருந்தா பிரிக்கத் தெரியும்னு அர்த்தம். என்க்ஸ்லைஸ்-னு இருக்கிறது வீடியோ உருவாக்க, அது உங்களுக்கு வேண்டாம். பட்டியல்ல ஏவி1-ஐத் தேடாதீங்க, இருக்காது. இன்டெல்ல விபி9 முழுசா வந்தது 7-ஆம் தலைமுறையில, ஏவி1 வந்தது 11-ல.

அதனால டிரைவரைச் சரி பண்ணினாலும் யூடியூப் ஏவி1 அனுப்புற வரைக்கும் ஒண்ணும் மாறாது. ஃபயர்பாக்ஸ்ல என்ஹான்ஸ்டு ஹெச்264ifai... மன்னிக்கணும், கீபோர்டு மாறிடுச்சு. என்ஹான்ஸ்டு ஹெச்264இஃபை-ன்னு ஒரு ஆட்-ஆன். அதுல விபி9, ஏவி1 ரெண்டையும் தடுத்துட்டா யூடியூப் வேற வழியில்லாம ஹெச்.264 கொடுக்கும். ஹெச்.264-ல 1080-க்கு மேல கிடைக்காது, உங்க மானிட்டருக்கு அது போதும்.

மின்ட்ல ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்-ங்கிற தனிப்பெட்டி பேக்கேஜா இல்லாம சாதா பேக்கேஜா வர்றது ஒரு புண்ணியம். 2023-ல வந்த ஃபயர்பாக்ஸ் 115-ல இருந்து லினக்ஸ் இன்டெலுக்கு ஹார்ட்வேர் டிகோடிங் தானாவே ஆன். அட்ரஸ் பார்ல அபௌட் சப்போர்ட் போட்டு மீடியா பகுதியில ஹெச்264 வரிசையைப் பாருங்க. ஹார்ட்வேர் பக்கம் இல்லைன்னு காட்டினா, அபௌட் கான்ஃபிக்ல "ஹார்ட்வேர்-வீடியோ-டிகோடிங்"ன்னு தேடுங்க. ஃபோர்ஸ்-எனேபிள்ட்-னு முடியுற வரியை ட்ரூ ஆக்குங்க.

ஊசிநூல்:

பழையஇரும்பு தம்பி! வரியை அழிச்சேன், பட்டியல் வந்துச்சு. ஆட்-ஆன் போட்டதும் கோடெக்ஸ் ஏவிசி1-ன்னு, அதாவது ஹெச்.264-ஆ மாறிடுச்சு. ஆனா அப்பவும் 200-க்குக் கீழ இறங்கலை. கடைசியில அந்த ஃபோர்ஸ் வரியையும் ட்ரூ பண்ணி ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தப்புறம்தான் 60, 70-ன்னு வந்துச்சு. ஃபேன் சத்தமும் அடங்கிடுச்சு. தையல் மெஷின் ஓடாத நேரத்துல கடை இவ்வளவு அமைதியா இருக்கும்னு இப்பதான் தெரியுது.

இன்னொண்ணு. ஒரு கஸ்டமர் ஐபோன்ல எடுத்த பிளவுஸ் டிசைன் வீடியோவை பென்டிரைவ்ல கொடுத்தாங்க, அது எம்பிவி பிளேயர்ல கூட திக்கித் திக்கி ஓடுது. அதையே வாட்ஸப்ல அனுப்பினா நல்லா ஓடுது. ஏன்?

கரண்ட்கம்பி:

இது எனக்குத் தெரியும். ஐபோன் ஹெச்இவிசி-ங்கிற இன்னொரு கோடெக்ல சேமிக்கும், உங்க சிப்புக்கு அதுவும் தெரியாது. வாட்ஸப் அனுப்பும்போது ஹெச்.264 ஆக்கிச் சுருக்கிடுது, அதான் ஓடுது. எம்பிவி ஓடும்போது ஐ எழுத்தைத் தட்டுங்க, எந்த கோடெக், ஹார்ட்வேர்ல ஓடுதான்னு ஸ்கிரீன்லயே வரும். கஸ்டமர் கிட்ட ஐபோன் கேமரா செட்டிங்ஸ்ல ஃபார்மேட்ஸ் போய் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" வைக்கச் சொல்லுங்க. ஏற்கனவே எடுத்ததை ஹேண்ட்பிரேக்-ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல மாத்திக்கலாம், கொஞ்ச நேரம் பிடிக்கும். 710 பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஊசிநூல்:

வாபஸ் ஏத்துக்கிட்டேன் அண்ணா. இப்ப வேகத்தைக் கால்வாசி ஆக்கிப் பார்த்தேன். ஊசியைத் திருப்புறது வலப்பக்கமா. நான் இத்தனை நாளா இடப்பக்கம் திருப்பிட்டு இருந்திருக்கேன், அதான் நூல் கொக்கில நிக்கவே மாட்டேன்னுச்சு. மூணு ஜாக்கெட் கையைப் பிரிக்கணும்.