மாடித் தொட்டியில் ஆவாரை: இலை மஞ்சளாகிறது, பூமொட்டே காணோம்

காங்கேயத்துக்காரி:
எனக்கு ஊர் காங்கேயம் பக்கம். போகியன்று வீட்டில் காப்புக் கட்ட ஆவாரம்பூவைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதே சென்னைக்கு வந்த பிறகுதான் தெரியும். போன போகிக்கு ஒரு சின்னக் கட்டு 30 ரூபாய். ரோஷம் வந்து, ஆடியில் ஊருக்குப் போனபோது வேலியோரம் முழங்கால் உயரம் நின்ற செடி ஒன்றைப் பிடுங்கி வந்து மொட்டைமாடித் தொட்டியில் வைத்தேன். தினமும் ஒரு செம்பு தண்ணீர், 15 நாளுக்கு ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம். நன்றாகத்தான் துளிர்த்தது. இப்போது அடியிலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கின்றன. பச்சைப் புழு வேறு. வேப்பெண்ணெய் அடிக்கலாமா? ஊரில் இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடாத அப்பா, கேட்டால் சிரிக்கிறார்.

செம்மண்காடு:
அப்பா சரியாகத்தான் சிரிக்கிறார். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரத்தை நிறுத்துங்கள், இலைதான் கொழுக்கும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு போதும். நாள் முழுக்க வெயில் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மாடித்தோட்டம்:
புழுவின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா? அப்படியென்றால் வேப்பெண்ணெய் வேண்டாம். வெளிர்மஞ்சளாகப் பறக்குமே, அந்தப் பட்டாம்பூச்சியின் பிள்ளை அது. என் செடியை ஒருமுறை மொட்டையடித்துவிட்டுப் போனது, மறுபடி தழைத்துவிட்டது.

காங்கேயத்துக்காரி:
கோடு இருக்கிறது! தட்டையும் எடுத்தேன். அதில் ஒரு டம்ளர் தண்ணீர், குப்பென்று நாற்றம். தொட்டியின் ஓட்டையை மண் அடைத்திருந்தது.

பழைய விவசாயி:
அம்மணி, பிடுங்கி வந்ததுதான் முதல் தப்பு. ஆவாரைக்கு ஆணிவேர் ஆழம் போகும், அது அறுந்தால் பாதி உயிர் போன மாதிரி. இது பிழைத்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து முற்றின நெற்று வரவழையுங்கள். விதைத்தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி தண்ணீரில் போட்டு, ஊதியதை மட்டும் நடுங்கள். முதலிலேயே ஒன்றரை அடி ஆழத் தொட்டியில் நட்டுவிடுங்கள், அப்புறம் மாற்றக் கூடாது. பூ கிளை நுனியில்தான் வரும். அதனால் பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். பயப்பட வேண்டாம், தோல் பதனிடப் பட்டைக்காக அந்தக் காலத்தில் வெட்டாத வெட்டா, அப்படியும் தழைத்த செடி. இந்தத் தைக்கு மட்டும் அந்த 30 ரூபாயை எடுத்து வைத்துவிடுங்கள்.

காங்கேயத்துக்காரி:
சரிங்க. நெற்றுக்குச் சொல்லிவிட்டேன். காப்பில் ஆவாரையோடு சேர்த்துக் கட்டும் பூளைப்பூவும் தொட்டியில் வருமா என்று கேட்டால் அடிக்க வருவீர்களா?