தாத்தாவின் பார்க்கர் 51 நல்ல விலைக்குப் போகுமா?

காவிரிக்கரையான்:
பீரோவை ஒழிக்கும்போது தாத்தாவின் பார்க்கர் 51 பேனா கிடைத்தது. கருப்பு உடம்பு, ஸ்டீல் மூடி, அம்பு கிளிப், மேட் இன் இங்கிலாந்து. அமுக்கி மை ஏற்றும் வகை. நெட்டில் ஒரு 51 சில ஆயிரம் என்கிறார்கள், இன்னொன்று அதைப்போல பத்து மடங்கு, எனக்கு இரண்டும் ஒரே பேனாவாகத்தான் தெரிகிறது. இவ்வளவு பழசு, தங்க நிப் வேறு, நல்ல விலை வரும்தானே? பஜாரில் ஒருவர் பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும் என்கிறார், போடலாமா?

மைக்கறை:
பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்! உடம்பில் லேசாகத் தெரிகிற அந்த மேட் இன் இங்கிலாந்து எழுத்துதான் சேகரிப்பவர்கள் முதலில் லென்ஸ் வைத்துப் பார்க்கிற இடம், பழைய பார்க்கர் பலவற்றில் எந்த வருஷம் செய்தது என்ற குறியும் அங்கேதான் இருக்கும். மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும், எழுத்து போய்விடும், அப்புறம் எந்த விலை கொடுத்தும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஒற்றைநிப்:
பழசு என்பதற்காக யாரும் அள்ளிக் கொடுக்க மாட்டார்கள். 51 அமெரிக்காவில் 1941-ல் கடைக்கு வந்தது, அப்புறம் முப்பது வருஷம் கோடிக்கணக்கில் செய்து தள்ளினார்கள். சீக்கிரம் காய்கிற ஒரு காரமான மைக்காகவே உருவான பேனா அது. நிப்பிலேயே மை காய்ந்துவிடக் கூடாது என்று அதைக் கூட்டுக்குள் மூடி, பழைய செல்லுலாய்டு பிளாஸ்டிக்கை அந்த மை அரித்துவிடும் என்பதால் உடம்பை லூசைட் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அந்த லூசைட் சுருங்காது, நிறம் மாறாது, அதனால் இன்றைக்கும் ஏராளமாக மிச்சம் இருக்கிறது. நல்ல பேனாவாக இருந்ததே விலைக்கு எதிரியாகிவிட்டது.

பார்க்கரின் இன்னொரு பழைய பேனாவான டியூஃபோல்டில் 1927 வாக்கில் வந்த மாண்டரின் மஞ்சள் நிறத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பெரிதாக விற்கவில்லை, மூடி உதடு சட்டென்று விரிசல் விடும், கறையும் பிடிக்கும். விரிசல் இல்லாமல் ஒன்று கிடைத்தால் இன்றைக்கு அடித்துக்கொள்கிறார்கள். 51-லேயே 1946 வாக்கில் ரெட் பேண்ட் என்று ஒரு மை ஏற்றும் முறை கொண்டுவந்து, சரிப்படாமல் சீக்கிரமே நிறுத்தினார்கள். இப்போது அதுதான் தேடப்படும் 51. பிளம் நிறமும் அப்படித்தான், கொஞ்ச காலமே வந்தது. உங்களுடைய கருப்பும் ஸ்டீல் மூடியும் எங்கும் கிடைக்கிற ஜோடி. தங்கத்தை நம்பாதீர்கள், நிப் எடை ஒரு கிராம்கூடத் தேறாது.

பழைய புத்தகக்கடை:
எல்லாம் சரிதான், ஆனால் விலையை மட்டும் வைத்துப் பேசினால் 51-ஐப் புரிந்துகொள்ள முடியாது. நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் ஆசைப்பட்ட ஹீரோ பேனாவின் மூடிய நிப் இதைப் பார்த்துச் செய்ததுதானே. அசலில் எழுதிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். சேகரிக்கிற பலரும் கண்ணாடிப் பெட்டிக்கு ஒன்று, சட்டைப் பைக்கு ஒரு 51 என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

காவிரிக்கரையான்:
நன்றி, பாலிஷ் ரத்து. ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, உடம்பில் தாத்தா பெயர் பொறித்திருக்கிறது. அது நல்லதா கெட்டதா?

ஒற்றைநிப்:
சந்தையில் குறைதான், ஊரறிந்தவர் பெயராக இருந்தால் கதை வேறு. 1945 மே மாதம் பிரான்ஸின் ரேம்ஸில் ஜெர்மனி சரணடைந்தபோது நேச நாட்டுப் படைத் தளபதி ஐசன்ஹோவர் தரப்பில் வைத்திருந்த பேனாக்கள் 51. அப்படி ஒன்றுக்கு, யார் கையில் இருந்தது என்பதற்குக் காகிதச் சான்று இருந்தால், பேனாவின் நிலையைக்கூட இரண்டாம்பட்சமாகத்தான் பார்ப்பார்கள். தாத்தா பெயருக்கு விலை தருகிற ஆள் நீங்கள் ஒருவர்தான், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கறை:
அமுக்கும் வகையில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் குழாய், ரப்பர் போல உளுத்துப் போகாது, பெரும்பாலும் கழுவினாலே எழுதும். நிப் பக்கத்தைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கள், காலையில் மை நிறம் போகும்வரை அமுக்கி அமுக்கி எடுங்கள். வெந்நீர் வேண்டாம். ஊறாமல் கழுத்தைத் திருகவும் வேண்டாம்.